கோதுமையை மென்று பார்த்த இசைவாணர்

(மூன்றாம் ஆண்டு, தாவரவியல்)

தமிழ் இலக்கியம் படிக்க வேண்டும் என்ற ஆசையோடு இக்கல்லூரி வாசலை மிதித்தவன் நான். சேர்க்கையின்போது என் முறை வருவதற்குள் தமிழில் இடங்கள் நிரம்பிவிட்டன. தாவரவியலில் ஒன்றிரண்டு இடங்கள் எஞ்சியிருந்தன. அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வீட்டு நிலைமை இடம் தரவில்லை; சேர்ந்துவிட்டேன். முதலாண்டு முழுவதும் என் உடல் வகுப்பில் இருந்தது, உள்ளம் இல்லை.

அந்த என்னைத் திருப்பியவர், மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்ட கனடா நாட்டு அறிஞர் ஒருவர். பயிர்ப்பெருக்கவியல் பாடத்தில் ஒற்றை வரியில் வந்து போகும் அவர் பெயர் சர் சார்லஸ் சாண்டர்ஸ். அந்த ஒரு வரிக்குப் பின்னே இருந்த வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். அதையே தோழர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சார்லஸ் 1867 பிப்ரவரி 2இல் பிறந்தார். பிறந்த ஊரின் பெயர் லண்டன். ஆனால் இது கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் உள்ள லண்டன். தந்தை வில்லியம் சாண்டர்ஸ் மருந்து வணிகர்; பூச்சிகளையும் செடிகளையும் ஆராய்வதில் தீராத வேட்கை கொண்டவர். 1886இல் கனடா அரசு ஆராய்ச்சிப் பண்ணைகளை நிறுவச் சட்டம் இயற்றியபோது, அவற்றின் முதல் இயக்குநர் ஆனவர் அவரே. வீட்டில் பிள்ளைகள் அனைவருக்கும் மகரந்தம் மாற்றிச் செடிகளைக் கலப்பினம் செய்யும் கலை கைவந்திருந்தது.

சார்லசின் நெஞ்சமோ இசையில் இருந்தது. புல்லாங்குழல் அவருக்கு உயிர். ஆயினும் படித்தது வேதியியல். 1888இல் டொரன்டோவில் பட்டம் பெற்று, 1891இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவரானார். சிறிது காலம் கென்டக்கியில் வேதியியல் கற்பித்தார். பிறகு அதை உதறிவிட்டு, டொரன்டோவில் குரலிசை கற்பிக்கும் ஆசிரியராக அமர்ந்தார். அவர் மனைவி மேரியும் பாடகி. இசை மனத்தை நிறைத்தது, வயிற்றை நிறைக்கவில்லை. 1903இல் தந்தை அவரை ஒட்டாவாவில் உள்ள மத்திய ஆராய்ச்சிப் பண்ணைக்கு அழைத்துக்கொண்டார். தானியப் பயிர்களை ஆராயும் பணி. அப்போது சார்லசுக்கு வயது 36. அது அவர் கேட்டுப் பெற்ற வேலை அன்று. வந்து வாய்த்த வேலை.

அந்த வேலை எத்தகையது? கனடாவின் மேற்கே மானிடோபா, சஸ்காட்செவன், ஆல்பர்ட்டா பகுதிகளில் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடப்பது பிரெய்ரி என்னும் புல்வெளி. 1885இல் கண்டத்தின் குறுக்கே இருப்புப்பாதை முடிந்ததும் குடியேறிகள் அங்கே குவிந்தனர். அவர்கள் விதைத்தது ரெட் ஃபைஃப் என்ற கோதுமை. அதன் மாவு சிறந்தது, விளைச்சலும் நன்று. ஆனால் முற்றுவதற்கு நாள் பிடிக்கும். பிரெய்ரியில் கோடை குறுகியது. மணி முற்றுமுன் உறைபனி ஓர் இரவு இறங்கினால் போதும். ஓர் ஆண்டு உழைப்பு சுருங்கிப் பதராகிவிடும்.

விரைவில் முற்றும் வகைகளை வில்லியம் சாண்டர்ஸ் உலகெங்கிலுமிருந்து வரவழைத்தார். அவற்றுள் ஒன்று நம் இந்திய மண்ணிலிருந்து சென்ற ஹார்ட் ரெட் கல்கத்தா. விளைச்சலில் குறைந்தது, ஆனால் விரைவில் முற்றுவது. 1892இல் சார்லசின் தம்பி பெர்சி, இதனையும் ரெட் ஃபைஃபையும் கலந்து புதிய வித்தை உண்டாக்கினார். அதன் வழித்தோன்றல்கள் பல ஆண்டுகளாகப் பயிராகி வந்தன. ஆனால் அவை ஒரே சீராக இல்லை. நல்லதும் அல்லாததும் கலந்து நின்றன.

சார்லசின் பெருமை இங்கேதான் தொடங்குகிறது. அவர் வயலை மொத்தமாகப் பார்க்கவில்லை. கதிர் கதிராகப் பார்த்தார். தேர்ந்தெடுத்த ஒவ்வொரு கதிரின் மணிகளையும் தனித்தனியே விதைத்து, தனித்தனியே அறுத்து, தனித்தனியே குறித்து வைத்தார். மாவு நன்றாக இருக்குமா என்று சோதிக்கவோ கைப்பிடி மணிகூட மிச்சமில்லை. என்ன செய்தார் தெரியுமா? சில மணிகளை வாயிலிட்டு மென்றார்! மெல்ல மெல்ல மாவுச்சத்து கரைந்துபோகும்; குளூட்டன் என்னும் புரதம் பசைபோல் எஞ்சும். அப்பசை எவ்வளவு இழுபடுகிறதோ அவ்வளவுக்கு ரொட்டி உப்பும். காயவைத்த நெல்லைக் கடித்துப் பார்த்தே ஈரம் சொல்லிவிடுவார் என் தந்தை. முனைவர் பட்டம் பெற்ற ஒருவரும் பல்லையே கருவியாகக் கொண்டார் என்று படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. விதை பெருகியபின் அவர் பல்லை மட்டும் நம்பவில்லை. சிறிய ஆலையில் அரைத்து, அடுப்பில் ரொட்டி சுட்டு, தம் தீர்ப்பைத் தாமே சோதித்தார். இவ்வாறு தேர்ந்த கோதுமைதான் மார்க்கிஸ்.

ஆனால் ஒட்டாவா பிரெய்ரி அன்று. ஒட்டாவாவில் வென்ற பயிர் பிரெய்ரியில் தோற்கலாம். ஆகவே 1907இல் விதை சஸ்காட்செவனில் உள்ள இந்தியன் ஹெட் பண்ணைக்குச் சென்றது. அங்கே கண்காணிப்பாளர் ஆங்கஸ் மக்கே. அவர் கதையும் சுவையானது. 1885 கிளர்ச்சியின்போது அவருடைய குதிரைகள் படைக்குச் சரக்கு இழுக்கப் போய்விட்டன. நிலத்தில் ஒரு பகுதியை விதைக்க முடியவில்லை. அதைக் கோடையில் உழுது சும்மா போட்டுவைத்தார். மறு ஆண்டு வறட்சி. மற்ற வயல்கள் வாட, ஈரம் சேர்ந்திருந்த அந்த நிலம் மட்டும் விளைந்தது. கோடைத் தரிசு என்னும் முறையை அவர் அதன்பின் ஊரெங்கும் பரப்பினார்.

1907ஆம் ஆண்டு வசந்தம் பிந்தி வந்த ஆண்டு. பனி முந்தி வந்த ஆண்டு. அதைவிடக் கடுமையான தேர்வு ஏது? மார்க்கிஸ் தேறியது. ரெட் ஃபைஃபுக்குப் பல நாள் முன்னதாகவே முற்றியது. 1909இல் விதை உழவர்களுக்கு வழங்கப்பட்டது. 1911இல் நியூயார்க் கண்காட்சியில் சஸ்காட்செவன் உழவர் சீகர் வீலர், மார்க்கிஸ் கோதுமைக்காக முதற்பரிசு பெற்றார். 1920 வாக்கில் மேற்குக் கனடாவின் கோதுமை வயல்களில் பத்தில் ஒன்பது பங்கு மார்க்கிஸ்தான்.

இதோடு நிறுத்தினால் கதை இனிமையாக முடியும், உண்மை முழுமையாகாது. 1916இல் தண்டுத் துருநோய் பிரெய்ரியைச் சூறையாடியபோது மார்க்கிசால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 1930களின் நடுவில் துருநோயைத் தாங்கும் தாட்சர் வந்து அதன் இடத்தைப் பிடித்தது. அந்தத் தாட்சரின் முன்னோர்களில் மார்க்கிசும் உண்டு. மக்கேயின் கோடைத் தரிசும் அப்படியே. ஈரத்தைக் காத்த அதே முறை மண்ணைத் திறந்து போட்டது. 1930களின் வறட்சியில் காற்று அம்மண்ணை வாரிக்கொண்டு போயிற்று. இன்று அங்கே பலர் உழாமலே, அறுத்த தாள்களினிடையே விதைக்கிறார்கள். வயல் சோதனைக்கு முற்றுப்புள்ளி கிடையாது. நேற்றைய விடையே இன்றைய வினா. இதை நான் தேர்வுக்காகப் படிக்கவில்லை. ஆதலால் மறக்கவும் இல்லை.

1922இல் உடல்நலம் குன்றிச் சார்லஸ் ஓய்வு பெற்றார். அதன்பின் எங்கே சென்றார்? பாரிசுக்கு! அங்கே சோர்போன் பல்கலைக்கழகத்தில், ஐம்பது வயதைக் கடந்த அந்த அறிஞர் மாணவராக அமர்ந்து பிரெஞ்சு இலக்கியம் பயின்றார். 1928இல் பிரெஞ்சு மொழியிலேயே கட்டுரைகளும் கவிதைகளும் கொண்ட நூலை வெளியிட்டார். 1934இல் சர் பட்டம் அவரைத் தேடி வந்தது. 1937 ஜூலை 25இல் டொரன்டோவில் மறைந்தார்.

தோழர்களே! விரும்பிய பாடம் கிடைக்காதவர் நம்முள் பலர். கிடைத்ததையே விரும்பிவிடு என்று உங்களுக்கு அறிவுரை கூற நான் யார்? தமிழ் வகுப்பைக் கடந்து போகும்போது இன்றும் என் கால் ஒரு கணம் தயங்குவதுண்டு. சார்லசும் புல்லாங்குழலைக் கைவிட்டதாக நான் படிக்கவில்லை. ஆனால் கைக்கு வந்த கதிரை அவர் அலட்சியமாக எறிந்துவிடவும் இல்லை. எறிந்திருந்தால் எத்தனை உழவர் வீட்டு அடுப்பு எரியாமல் போயிருக்கும்!

இந்த ஆண்டு செய்முறைக்காகத் துறைத் தோட்டத்தில் எனக்கும் ஒரு பாத்தி தந்திருக்கிறார்கள். ஒவ்வொரு செடியாகக் குறித்து வருகிறேன். இலக்கியத்துக்காக அவர் பாரிஸ் வரை போக வேண்டியிருந்தது. எனக்கு இந்த மலரின் பக்கங்கள் போதும்.