டாக்டர் பல்பு: கொள்ளைநோயின் நடுவே ஒரு மருத்துவர்

1898ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பெங்களூர் நகருக்குள் பிளேக் நோய் நுழைந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பம்பாயில் தலைகாட்டிய அந்நோய், புனாவை வாட்டி, ஹூப்ளியைச் சூறையாடி, இரயில் பாதை வழியாகவே தெற்கு நோக்கி வந்து சேர்ந்தது. பேட்டைகளின் குறுகிய சந்துகளில் முதலில் எலிகள் செத்து விழுந்தன. பின்னர் மனிதர்கள் படுக்கையில் விழுந்தார்கள். கடுங்காய்ச்சல், அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறிகட்டிய வீக்கம், நினைவு தடுமாறிய பிதற்றல், சில நாட்களில் மரணம். ஒரு வீட்டில் ஒருவர் விழுந்தால் அடுத்தவர் யார் என்ற அச்சத்திலேயே மற்றவர்கள் காலம் கழித்தனர். தாயை விட்டு மகன் ஓடினான்; அண்டை வீட்டார் கதவை அடைத்துக்கொண்டனர். பிணத்தைத் தூக்க நான்கு பேர் கிடைப்பது அரிதாயிற்று.

அந்நகரின் பிளேக் முகாமில் பொறுப்பேற்று நின்ற மருத்துவர்களுள் முப்பத்து நான்கு வயதான ஒரு மலையாளியும் இருந்தார். அவர் பெயர் டாக்டர் பத்மநாபன் பல்பு. யாரும் தொட அஞ்சிய நோயாளிகளைத் தொட்டுப் பார்ப்பது அவருக்கு வாய்த்த கடமை. ஆனால் அவர் பிறந்த மண்ணிலோ, அவர் தொட்டாலே தீட்டு என்று கருதப்பட்டது.

பல்பு 1863ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் திருவனந்தபுரத்தில் பேட்டை என்னும் பகுதியில், ஈழவர் குலத்தில் பிறந்தார். அக்காலத் திருவிதாங்கூரில் ஈழவர்கள் மக்கள்தொகையில் பெரும் பகுதியினர். தென்னையும் கயிறும் கள்ளும் அவர்களது பிழைப்பு. அதே சமயம் தலைமுறை தலைமுறையாக ஆயுர்வேதம் கற்று வைத்தியம் பார்த்த குடும்பங்களும் அச்சமூகத்தில் பல இருந்தன. வடமொழி வைத்திய நூல்களைக் கரைத்துக் குடித்தவர்கள் அவர்களுள் உண்டு. எனினும் உயர்சாதியாரிடமிருந்து இத்தனை அடி தொலைவில் விலகி நிற்க வேண்டும் என்ற விதியும், கோயில் வீதிகளில் நடக்கக்கூடாது என்ற தடையும் அவர்களைக் கட்டிப் போட்டிருந்தன. அரசு அலுவலகங்களின் கதவுகள் அவர்களுக்குத் திறந்ததே இல்லை.

வறுமையோடு போராடியே பல்பு படித்தார். மருத்துவக் கல்விக்காகத் திருவிதாங்கூர் அரசு நடத்திய தேர்வில் தேறினார். ஆயினும் இடம் கிடைக்கவில்லை. காரணம் சாதி. வைத்தியர்களை வழிவழியாகத் தந்த ஒரு குலத்தின் இளைஞன் வைத்தியம் படிக்கத் தகுதியற்றவன் என்று அந்த அரசு முடிவு செய்தது. வேறு வழியின்றி அவர் சென்னைக்கு வந்து மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து எல்.எம்.எஸ். பட்டம் பெற்றார். பட்டத்தோடு ஊருக்குத் திரும்பி வேலை கேட்டபோதும் அதே பதில்தான். அவருடைய தமையனார் வேலாயுதன் பி.ஏ. தேறியும் திருவிதாங்கூரில் வேலை மறுக்கப்பட்டுச் சென்னை அரசுப் பணிக்குச் சென்றவர். ஒரே வீட்டில் இரண்டு பட்டதாரிகள். இருவருக்கும் சொந்த நாட்டில் ஓர் எழுத்தர் நாற்காலிகூட இல்லை.

பல்பு சிறிது காலம் சென்னையில் அம்மை குத்தும் மருந்து தயாரிக்கும் நிலையத்தில் பணியாற்றினார். பின்னர் 1891ஆம் ஆண்டையொட்டி மைசூர் அரசின் மருத்துவத் துறையில் சேர்ந்து பெங்களூருக்கு வந்தார். அங்கும் அம்மைத் தடுப்பு மருந்தே அவரது துறையாயிற்று. அப்போது மைசூரின் திவானாக இருந்தவர் சர் கே. சேஷாத்ரி ஐயர், பாலக்காட்டைச் சேர்ந்த பிராமணர். மலையாள மண்ணில் பிறந்த ஈழவ மருத்துவருக்கு அந்த மண்ணின் அரசு மறுத்த வேலையை, அதே மண்ணில் பிறந்த பிராமணர் ஒருவரின் நிர்வாகத்தில் இயங்கிய வேற்று அரசு கொடுத்தது. மைசூரில் சாதி இல்லாமல் இல்லை. ஆனால் மருத்துவரின் கைத்திறனுக்கு அங்கே மதிப்பு இருந்தது.

1892ஆம் ஆண்டு, சிகாகோ செல்வதற்கு முன் பரிவிராஜகராகப் பாரதமெங்கும் சுற்றிவந்த சுவாமி விவேகானந்தர் பெங்களூருக்கு எழுந்தருளினார். பல்பு அவரைச் சந்தித்துத் தம் மக்களின் நிலையை எடுத்துரைத்தார் என்று அவரது வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். இந்த நாட்டில் எந்தச் சீர்திருத்தமும் ஆன்மிகத்தில் வேரூன்றினால்தான் நிலைக்கும். ஆகவே உங்கள் மக்களிடையே தோன்றிய ஓர் அருளாளரை நடுவாகக் கொண்டு இயக்கத்தைக் கட்டுங்கள் என்னும் கருத்துப்பட சுவாமிஜி அவருக்கு வழிகாட்டினார் என்பர். இதன் பலன் உடனே தெரியவில்லை. அது விளையப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இதற்கிடையே பல்பு விண்ணப்பங்களின் வழியையும் விடவில்லை. திருவிதாங்கூர் அரசுப் பணிகளில் வெளியூராரின் ஆதிக்கத்தை எதிர்த்து 1891இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மகாராஜாவுக்கு அளித்த மலையாளி விண்ணப்பத்தில் மூன்றாவது கையெழுத்து அவருடையது. அதனால் பிற சமூகத்தினருக்கு ஓரளவு நன்மை கிட்டியதே தவிர ஈழவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. 1896இல் 13,176 ஈழவர்களின் கையெழுத்துடன் தனியாக ஒரு விண்ணப்பத்தை அவர் சமர்ப்பித்தார். ஈழவர்கள் தத்தம் குலத்தொழிலிலேயே நிறைவு கொள்வது நலம் என்ற போக்கில்தான் அரசு நடந்துகொண்டது. தம் மக்கள் நடத்தப்படும் விதத்தைப் பற்றி அவர் நூலொன்றையும் வெளியிட்டார். பெங்களூரில் ஈட்டிய ஊதியத்தில் கணிசமான பகுதி இவ்வாறே செலவாயிற்று.

இந்நிலையில்தான் பிளேக் வந்தது.

பெங்களூருக்குத் துயரம் புதிதன்று. இருபது ஆண்டுகளுக்கு முன், தாது வருடப் பஞ்சம் என்று தமிழர் இன்றும் நினைவில் வைத்திருக்கும் 1876-78 பஞ்சத்தில், மைசூர் நாட்டில் மட்டும் சுமார் பத்து லட்சம் மக்கள் மாண்டதாகக் கணக்கிட்டார்கள். கஞ்சித் தொட்டியைத் தேடி நகருக்கு வந்தவர்கள் சாலையோரங்களிலேயே விழுந்து இறந்தனர். ஆனால் பஞ்சம் ஏழையை மட்டும் தேடியது. பிளேக் எல்லோரையும் அச்சுறுத்தியது. 1894இல் ஹாங்காங்கில் அந்நோய்க் கிருமி கண்டறியப்பட்டிருந்தது. எலியிலிருந்து தெள்ளுப்பூச்சி வழியாக அது மனிதனைப் பற்றுகிறது என்று 1898இல்தான் கராச்சியில் ஒரு பிரெஞ்சு மருத்துவர் கண்டார். அவர் சொன்னதைப் பல ஆண்டுகள் யாரும் ஏற்கவில்லை. ஹாஃப்கின் என்பவர் 1897 ஜனவரியில் பம்பாயில் தாம் தயாரித்த தடுப்பூசியைத் தமக்கே முதலில் போட்டுக்கொண்டார். நோய் கண்டபின் குணப்படுத்தும் மருந்து எதுவும் அன்று இல்லை.

ஆகவே அரசுகள் அறிந்த ஒரே வழி பிரித்து வைப்பது. நோய் கண்டவரை ஊருக்கு வெளியே மூங்கில் கொட்டகைகளில் வைத்தார்கள். அவருடன் இருந்தவர்களை வேறொரு முகாமுக்கு அனுப்பினார்கள். வீட்டைக் காலி செய்து, சுண்ணாம்படித்து, வெயில் உள்ளே விழ ஓடுகளைப் பிரித்துப் போட்டார்கள். இரயில் நிலையங்களில் பயணிகளின் அக்குளைத் தடவிப் பார்த்தார்கள். பிணத்தைப் பார்வையிடாமல் எடுக்கவிடவில்லை. முகாமுக்குப் போனவர் திரும்புவதில்லை என்ற எண்ணம் மக்களிடம் ஆழமாகப் பதிந்தது. அதில் பெரும்பாலும் உண்மையும் இருந்தது. அதனால் நோயாளிகளைப் பரணிலும் தானிய அறையிலும் ஒளித்தார்கள். இரவோடு இரவாக ஊரைவிட்டு ஓடியவர்கள் நோயையும் உடன் கொண்டு போனார்கள். முகாமில் யார் சமைப்பது, யார் தண்ணீர் எடுப்பது, பக்கத்துக் கட்டிலில் எந்தச் சாதியார் என்ற கேள்விகள் மரணத்தின் வாயிலிலும் ஓயவில்லை. புனாவில் 1897இல் பிளேக் அதிகாரி சுட்டுக் கொல்லப்பட்டார். மைசூர் நாட்டிலும் ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடுத்த கஞ்சாமில் கலகம் மூண்டது.

இத்தகைய சூழலில் முகாம் மருத்துவரின் நிலையை எண்ணிப் பார்த்தால்தான் பல்புவின் பணி விளங்கும். அவரிடம் மருந்து இல்லை. மக்களின் கண்ணில் அவர் பிடித்துச் செல்ல வந்த அரசாங்கத்தின் ஆள். நோயாளியின் கட்டியை அழுத்திப் பார்க்க வேண்டும், கீற வேண்டும், சீழைத் துடைக்க வேண்டும், வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டும், இறந்தால் எரிக்கவோ புதைக்கவோ ஏற்பாடு செய்ய வேண்டும். அவர் முன் கிடந்தவர்களில் எல்லாச் சாதியாரும் இருந்தார்கள். வேறொரு நாளில் அவரது நிழல் பட்டாலும் குளித்திருக்கக்கூடியவர்கள், அன்று அவரது கையைத் தவிர வேறு கை இல்லாமல் கிடந்தார்கள். வீட்டில் மனைவி பகவதியம்மையும் சிறு குழந்தைகளும் இருக்க, நோயும் மரணமும் சூழ்ந்த அந்த முகாமில் பல்பு பணி செய்தார். இதற்காக அவர் தம்மைப் பெருமைப்படுத்திக்கொண்டதாகத் தெரியவில்லை. நோயாளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மருத்துவனுக்கு இல்லை என்பது போல அவர் நடந்துகொண்டார்.

அதே ஆண்டுகளில் கல்கத்தாவிலும் பிளேக் பரவியது. நிதி இல்லையென்றால் மடத்துக்காக வாங்கிய நிலத்தையே விற்றுவிடலாம் என்று சுவாமி விவேகானந்தர் துணிந்ததும், 1899இல் சகோதரி நிவேதிதையும் சுவாமி சதானந்தரும் சேரிகளையும் தெருக்களையும் துப்புரவு செய்ததும் அன்பர்கள் அறிந்த வரலாறு. பல்புவின் வீட்டில் வளர்ந்த இளைஞர் ஒருவரின் வாழ்க்கை இவ்விரு நகரங்களின் துயரத்தையும் தொட்டுச் செல்கிறது. நாராயண குரு தம் சீடராகிய குமாரனை 1895ஆம் ஆண்டளவில் பெங்களூருக்கு அழைத்துவந்து, மேற்படிப்புக்காகப் பல்புவிடம் ஒப்படைத்தார். சாமராஜேந்திர சமஸ்கிருதக் கல்லூரியில் தர்க்கம் பயின்ற அவரைப் பல்பு சின்னசாமி என்று அன்புடன் அழைத்தார். பிளேக் காரணமாகப் பெங்களூரை விட்டு, சென்னை வழியாகக் கல்கத்தாவுக்குச் சென்ற அவர், அங்கும் பிளேக் துரத்தியதால் 1900இல் ஊர் திரும்பினார். பிற்காலத்தில் மலையாளக் கவிதையின் போக்கையே மாற்றிய குமாரன் ஆசான் அவரே.

பெங்களூர் மீள வெகுகாலம் ஆயிற்று. நகரும் கன்டோன்மென்டும் சேர்ந்து 1891இல் 1,80,366 ஆக இருந்த மக்கள்தொகை 1901இல் 1,59,046 ஆகக் குறைந்தது. நெருக்கத்தைக் குறைக்க அகன்ற தெருக்களுடன் பசவனகுடியும் மல்லேசுவரமும் எழும்பின. பிளேக் பணியை ஒருங்கிணைக்கத் தொலைபேசிக் கம்பிகள் இழுக்கப்பட்டன. மக்களோ தங்கள் வழியில் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் எடுத்தார்கள். அத்தகைய கோயில்களை இன்று பெங்களூரு என வழங்கும் அந்நகரில் இன்னமும் காணலாம். இந்தியா முழுவதும் அந்தப் பிளேக் பரவலில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இறந்தனர். உலகெங்கும் பரவிய நோயில் இறந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஏழை நாட்டவர். இந்தியரே அதில் முதன்மை. 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய நாடுகளின் கிராமங்களில் மக்கள் நோயாளிகளை ஒளித்ததையும், சிகிச்சைக் கூடாரங்களைக் கண்டு ஓடியதையும், பிணத்தைக் கழுவும் உரிமைக்காகச் சண்டையிட்டதையும் படித்தவர்களுக்கு 1898இன் பெங்களூர் அந்நியமாகத் தோன்றாது. அங்கும் முதலில் மாண்டவர்களுள் உள்ளூர் மருத்துவர்களும் செவிலியர்களும் பலர்.

கொள்ளைநோய்ப் பணிக்குப் பின்னர் பல்பு மேற்படிப்புக்காக ஐரோப்பா சென்றார். கேம்பிரிட்ஜில் பொதுச் சுகாதாரம் பயின்று மைசூர்ப் பணிக்கே திரும்பினார். ஒரு நகரின் நோயை அதன் சாக்கடையிலும் குடிநீரிலும் வீட்டு நெருக்கத்திலும் தேட வேண்டும் என்ற பார்வை அன்றைய மருத்துவ உலகில் வலுப்பெற்று வந்த காலம் அது. சாதியையும் அவர் ஒருவகையில் சுகாதார அதிகாரியின் கண்ணோடுதான் பார்த்தார் என்று சொல்லத் தோன்றுகிறது. ஒருவனுக்கு மட்டும் வேலை கிடைத்தால் போதாது; நோய் இருக்கும் இடம் முழுவதும் தூய்மையாக வேண்டும்.

1903ஆம் ஆண்டு, அருவிப்புரம் கோயிலைச் சுற்றி உருவாகியிருந்த சிறு சபை, ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகமாகப் பதிவு பெற்றது. நாராயண குரு அதன் தலைவர். குமாரன் ஆசான் செயலாளர். அதை உருவாக்குவதில் முன்னின்று உழைத்தவர் பல்பு. பெங்களூரில் பெற்ற வழிகாட்டல் இவ்வாறு வடிவெடுத்தது. பள்ளிகள், நூலகங்கள், தொழிற்கண்காட்சிகள் என்று அந்த அமைப்பு வளர்ந்தபோதும் பல்பு பெரும்பாலும் மைசூர் நாட்டுப் பணியிலேயே இருந்தார். மேடையில் முன்னே நின்று பேசும் ஆசை அவருக்கு இருந்ததில்லை.

1895இல் பெங்களூரில் பிறந்த அவருடைய மகன் நடராஜன் நாராயண குருவின் சீடராகித் துறவு மேற்கொண்டு நாராயண குருகுலத்தை நிறுவினார். பாரிஸ் சோர்போன் பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பட்டம் பெற்ற நடராஜ குரு அவரே. மகன் துறவியானதைத் தந்தை தடுக்கவில்லை.

1920இல் ஓய்வு பெற்ற பல்பு திருவனந்தபுரம் திரும்பினார். வேலை தர மறுத்த அந்த அரசு 1936 நவம்பரில் தன் கோயில்களை எல்லாச் சாதியாருக்கும் திறந்துவிட்டதைத் தம் எழுபத்து மூன்றாம் வயதில் அவர் கண்டார். நாடு விடுதலை பெற்றதையும் கண்டார். 1950ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் நாள் அவர் காலமானார். தீண்டாமையை ஒழிக்கும் பதினேழாம் பிரிவைக் கொண்ட அரசியல் சட்டம் மறுநாள் காலை நடைமுறைக்கு வந்தது.