தீக்காயத்தில் தொடங்கிய தேடல்: பீற்றர் மெடாவரும் மாற்றுச் சிறுநீரகமும்

பிலிமத்தலாவையிலிருந்து பேராதனையைத் தாண்டிக் கண்டி தேசிய வைத்தியசாலையின் சிறுநீரகக் கிளினிக்குக்குப் போய்வருபவர்களில், சிறுநீரகம் மாற்றப்பட்டவர்களுக்கு ஒரு விடயம் மனப்பாடம்: குளிசையைத் தவறவிடக் கூடாது. தாயோ சகோதரனோ தந்த சிறுநீரகமாக இருந்தாலும், உடல் அதை அந்நியப் பொருளாகவே கருதி அழிக்க முனையும். குளிசை அந்த எதிர்ப்பை அடக்குகிறது. ஆனால் கிருமிகளோடு போராடும் வலுவையும் அது குறைத்துவிடுகிறது.

உடல் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பதை ஆராய்ந்து நிறுவியவர் வைத்தியர் அல்லர், விலங்கியலாளர். அந்தக் கேள்வியை அவர் முன் வைத்தது ஒரு யுத்தம்.

பீற்றர் மெடாவர் 1915 பெப்ரவரி 28ஆம் திகதி பிரேசிலில் பிறந்தார். தந்தை லெபனானைப் பூர்வீகமாகக் கொண்ட வணிகர், தாய் ஆங்கிலேயர். சிறுவயதிலேயே படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட அவர், ஒக்ஸ்போர்டில் விலங்கியல் கற்றார்.

1940இல் ஒக்ஸ்போர்டில் அவரது வீட்டுக்கு அருகே பிரித்தானியக் குண்டுவீச்சு விமானமொன்று விழுந்து நொறுங்கியது. உடலின் பெரும்பகுதி எரிந்துபோன விமானி உயிர் தப்பினார். அவருக்கு ஏதாவது செய்ய முடியுமா என வைத்தியர்கள் மெடாவரிடம் கேட்டார்கள். எரிகாயத்தை மூட விமானியின் சொந்தத் தோல் போதாது, மற்றவரின் தோலை ஒட்டினாலும் நிலைக்காது. ஏன் நிலைக்காது என்பதற்கு அன்று தெளிவான விளக்கம் இருக்கவில்லை. ஷெல்லடியிலும் குண்டுவீச்சிலும் வெந்த உடல்களைப் பார்த்த எங்கள் சமூகத்துக்கு, அந்தக் கேள்வியின் கனத்தை விளக்கத் தேவையில்லை.

விடை தேடி அவர் கிளாஸ்கோ வைத்தியசாலைக்குப் போனார். அங்கு சத்திரசிகிச்சை நிபுணர் ரொம் கிப்சனுடன் சேர்ந்து, எரிகாயமடைந்த ஒரு பெண்ணுக்கு அவரது சகோதரனின் தோல் துண்டுகளை ஒட்டினார். முதலில் பற்றிக்கொண்ட துண்டுகள் பின்னர் சிதைந்தன. அதே சகோதரனிடமிருந்து எடுத்து இரண்டாம் முறை ஒட்டியவை இன்னும் வேகமாக அழிந்தன. உடல் முதல் சந்திப்பை நினைவில் வைத்திருந்தது. ஆகவே இது சத்திரசிகிச்சையின் குறைபாடல்ல, நோய்க்கிருமியை எதிர்க்கும் அதே நிர்ப்பீடனத் தொகுதியின் வேலை என அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். 1943இல் அந்த ஆய்வு வெளியானது.

அடுத்த திருப்பம் மாட்டுத் தொழுவத்தில் நிகழ்ந்தது. இரட்டைக் கன்றுகள் ஒரே கருவிலிருந்து பிறந்தவையா, வெவ்வேறு கருக்களா என்பதைத் தோல் ஒட்டுமூலம் கண்டறிய மெடாவரும் அவரது மாணவர் ரூபேர்ட் பில்லிங்ஹாமும் முயன்றார்கள். எதிர்பார்ப்பு பொய்த்தது. ஒன்று ஆணும் மற்றது பெண்ணுமான இரட்டையர்கூட ஒருவரின் தோலை மற்றவர் ஏற்றுக்கொண்டனர். காரணத்தை அமெரிக்க ஆய்வாளர் ரே ஓவன் 1945இலேயே காட்டியிருந்தார்: தாயின் வயிற்றில் இக்கன்றுகளின் இரத்தோட்டம் இணைந்திருப்பதால், ஒன்றின் இரத்தக் கலங்கள் மற்றதில் குடியேறிவிடுகின்றன.

இயற்கை செய்ததை மனிதர் செய்ய முடியுமா? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் இதைச் சோதித்த குழுவில் மூன்றாமவர் லெஸ்லி பிரென்ற். ஜேர்மனிய யூதச் சிறுவனாக 1938இல் தனியே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு உயிர் தப்பியவர். பெற்றோரையும் சகோதரியையும் நாஜிகளிடம் பறிகொடுத்தவர். ஓர் இன எலியின் கலங்களை வேறின எலியின் கருவிலுள்ள குட்டிகளுக்குள் அவர்கள் செலுத்தினர். வளர்ந்த பின் அக்குட்டிகளுக்கு, கலங்கள் எடுக்கப்பட்ட இனத்தின் தோல் ஒட்டப்பட்டது. முக்கியமான ஒரு தொகுதியில் ஐந்தில் மூன்று எலிகள் அதைத் தம்முடையதாகவே ஏற்றன. 1953 ஒக்ரோபரில் வெளியான இந்த ஆய்வுதான், கலங்களைக் கொடுத்து உடலைப் பழக்கலாம் என்பதற்கான முதல் தெளிவான ஆதாரம். 1960இல் மெடாவருக்கும் அவுஸ்திரேலியாவின் மக்ஃபார்லேன் பேர்னெற்றுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் சிறுநீரகம் செயலிழந்த மனிதரைக் கருவறைக்குத் திருப்பி அனுப்ப முடியாது. எனவே நடைமுறையில் மருந்துகளே முந்தின. இதற்குப் பயன் உண்டா என ஒரு விரிவுரையில் கேட்கப்பட்டபோது, எதுவுமில்லை என்றே மெடாவர் பதிலளித்தாராம். அதைக் கேட்டிருந்த ரோய் கால்ன் என்ற இளம் வைத்தியர் சோர்ந்துவிடவில்லை. இன்றைய எதிர்ப்படக்கி மருந்துகளுக்கு வழி திறந்தவர்களில் அவர் முக்கியமானவர்.

1969இல், 54 வயதில், எக்ஸெற்றர் தேவாலயத்தில் வாசித்துக்கொண்டிருந்தபோது மெடாவரைப் பக்கவாதம் தாக்கியது. இடப்பக்கம் பலவீனமானது. பின்னரும் அவர் ஆய்வுகூடத்துக்குப் போனார், நூல்கள் எழுதினார். மேலும் பக்கவாதங்கள் வந்தன. 1987 ஒக்ரோபர் 2ஆம் திகதி லண்டனில் காலமானார்.

அவரது எண்ணம் அவரோடு முடியவில்லை. இந்தியாவின் அஹமதாபாத்தில், கனடாவிலிருந்து நாடு திரும்பிய வைத்தியர் எச். எல். திரிவேதியின் குழு, கொடையாளியின் கலங்களை நோயாளிக்குச் செலுத்தி மருந்தின் தேவையைக் குறைக்கப் பல ஆண்டுகள் முயன்றது. அமெரிக்காவின் போஸ்ரனில், ஐந்து நோயாளிகள் தத்தமது கொடையாளியிடமிருந்தே சிறுநீரகத்தையும் எலும்பு மச்சையையும் பெற்றனர். அவர்களில் நால்வர் எதிர்ப்படக்கி மருந்துகளை நிறுத்த முடிந்ததென 2008இல் அறிவிக்கப்பட்டது. ஐந்தாமவர் அந்தச் சிறுநீரகத்தை இழந்தார். எதிர்ப்பைத் தணிக்கும் வெண்குருதிக் கலங்களைப் பெருக்கிச் செலுத்தும் முயற்சிகளும் நடக்கின்றன.

இவற்றில் பெரும்பாலானவை இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளன. மச்சை ஏற்றுவதற்கு முன் கொடுக்கப்படும் கடுமையான சிகிச்சைக்கும் ஆபத்து உண்டு. காணியை ஈடுவைத்தோ நகையை விற்றோ சிகிச்சைக்கு அலையும் குடும்பங்கள், கலச் சிகிச்சை என்ற பெயரில் உறுதிமொழி தருபவர்களிடம் பணத்தைக் கொடுக்குமுன் தமது சிறுநீரக வைத்தியரிடம் கேட்பது நல்லது. நால்வருக்கு மருந்து நின்றது கடுமையான கண்காணிப்பின் கீழ். வீட்டில் சுயமாகக் குளிசையை நிறுத்துபவர், உறவொன்று தன் உடலை அறுத்துத் தந்த கொடையையே இழக்கக்கூடும்.