காவ்யகண்டர் கண்ட ஆசான்

சவ்வாது மலையடிவாரத்தில், கமண்டல நதியின் பள்ளத்தாக்கில் படைவீடு என்னும் ஊர் உள்ளது. முன்னாளில் சம்புவராயர்களின் தலைநகராக விளங்கிய அவ்வூரை இன்று ரேணுகாம்பாள் கோயிலால்தான் உலகம் அறியும். ஆடி வெள்ளிகளில் அங்கே கால்வைக்க இடமிராது. கூட்டமற்ற நாள்களில் அச்சந்நிதியில் தவமிருந்தவர்களுள் ஒருவர் காவ்யகண்ட கணபதி முனிவர். ரேணுகையின் வெட்டுண்ட சிரத்தில் யோகத்தின் மறைபொருளைக் கண்டவர். அதனை வடமொழிப் பாக்களாக்கியவர். வேலூர், திருவண்ணாமலை, படைவீடு என்று இம்மலைத்தொடரைச் சுற்றியே அவரது வாழ்வின் சாரமான பகுதி கழிந்தது. அவர் பிறந்ததோ வெகுதொலைவில்.

1878ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் நாள், ஆந்திரத்தில் பொப்பிலிக்கு அருகிலுள்ள கலுவராயி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் நரசிம்ம சாஸ்திரி. கல்வியும் கவிதையும் குடும்பச் சொத்து. இளமையிலேயே விசாலாட்சி அம்மையாரை மணந்தார். பதினெட்டு வயதில் தவத்தின் பொருட்டு வீட்டைவிட்டுப் புறப்பட்டார். காசி, நாசிக், புவனேசுவரம் என்று தலந்தோறும் அமர்ந்து மந்திரம் செபித்தார். 1900ஆம் ஆண்டில் வங்காளத்து நவத்வீபத்தில் கூடிய பண்டிதர் அவையில், கொடுத்த சமஸ்யைகளையெல்லாம் அக்கணமே நிறைவு செய்தார். இருபத்திரண்டு வயது நிரம்பாத அந்த இளைஞருக்கு அவையோர் காவ்யகண்டர் என்ற பட்டத்தை அளித்தனர். கவிதையைக் கண்டத்திலேயே கொண்டவர் என்பது பொருள். அதற்குமேல் ஒரு புலவனுக்கு என்ன வேண்டும்?

ஆயினும் அவருக்கு ஒரு குறை இருந்தது. செபத்தின் எண்ணிக்கை கோடிக்கணக்கில் பெருகியது. நூல்கள் கூறும் பயன் மட்டும் கைகூடவில்லை. வேலூரில் ஆசிரியப் பணி செய்துவந்த காலத்திலேயே அவரைச் சுற்றி மாணவர் குழாம் ஒன்று சேர்ந்துவிட்டது. அவர்களுக்கெல்லாம் அவரே மந்திரோபதேசம் செய்தார். பிறருக்கு ஆசானாக அமர்ந்துவிட்டவர் தமக்கு ஓர் ஆசான் வேண்டும் என்று ஒப்புக்கொள்வது எளிதன்று. புகழ் பெற்ற கவிஞருக்கு அது இன்னும் கடினம். கற்றறியாதவன் கேட்கக் கூசாத கேள்வியைக் கற்றவன் பன்னிரண்டு ஆண்டுகள் நெஞ்சிலேயே சுமந்து திரிவதுண்டு. கணபதி சாஸ்திரியும் ஏறக்குறைய அவ்வளவு காலம் சுமந்தார்.

1907ஆம் ஆண்டு நவம்பர் 18. திருவண்ணாமலையில் கார்த்திகைத் திருவிழா. நண்பகல் வெயிலில் மலையேறிய சாஸ்திரியார், விரூபாட்ச குகையில் தங்கியிருந்த பிராமண சுவாமியின் திருவடிகளைப் பற்றிக்கொண்டு விழுந்தார். படிக்க வேண்டியவற்றைப் படித்தாயிற்று. மந்திரங்களும் ஆயிரமாயிரம் முறை செபித்தாயிற்று. தவம் என்பது யாதென்று மட்டும் விளங்கவில்லை என்று முறையிட்டார். முதல்நாள்தான் அவருக்கு இருபத்தொன்பது வயது நிறைந்திருந்தது. எதிரே இருந்தவர் அவரினும் ஓராண்டு இளையவர், பதினாறு வயதில் மதுரையைவிட்டு வந்தவர், பள்ளிப்படிப்பையும் முடிக்காதவர்.

சுவாமி உடனே விடை சொல்லவில்லை. கால்மணி நேரம் அவரையே நோக்கியிருந்தார். பின்னர் மெல்ல, விட்டுவிட்டுப் பேசினார். நான் என்னும் எண்ணம் எங்கிருந்து எழுகின்றதோ அங்கே நோக்கினால் மனம் அங்கேயே ஒடுங்கும், அதுவே தவம் என்றார். சற்றுப்பொறுத்து, மந்திரத்தைச் செபிக்கும்போது அவ்வொலி பிறக்கும் இடத்தைக் கவனித்தால் மனம் அங்கே அடங்கும், அதுவும் தவமே என்றார்.

இவ்விடையின் கருத்து உபநிடதங்களில் இல்லாததன்று. அவற்றைத் தலைகீழாக ஒப்பிக்கவல்லவர் கேட்டவர். எனினும் நூல் எல்லோருக்கும் பொதுவாகப் பேசுகிறது. எதிரே அமர்ந்திருப்பவர் அந்த ஒருவருக்காகப் பேசுகிறார். இரண்டாம் வாக்கியத்தைக் கவனிக்க வேண்டும். வாழ்நாள் முழுதும் மந்திரத்தையே பற்றி வந்த மனிதரிடம் அதனை விட்டுவிடுமாறு சுவாமி கூறவில்லை. கையிலிருந்த கயிற்றையே மறுமுனை வரை பிடித்துச் செல்லும்படி காட்டினார். மாணவன் எங்கே நிற்கின்றானோ அங்கிருந்தே வழி தொடங்க வேண்டும் என்பதை எந்த ஏட்டாலும் அறிய இயலாது. அவன் நிற்கும் இடம் ஏட்டுக்குத் தெரியாதே!

மாலைவரை சாஸ்திரியார் குகையைவிட்டு அகலவில்லை. உடனிருந்த பழனிசுவாமியிடம் கேட்டு, சுவாமியின் இயற்பெயர் வேங்கடராமன் என்று அறிந்தார். அப்பெயரைச் சுருக்கி ரமணர் என்றும், பகவான் மகரிஷி என்றும் பாடினார். இன்று உலகம் வழங்கும் அப்பெயர் ஒரு கவிஞர் தம் ஆசானுக்கு அளித்த காணிக்கை. தம் மாணவர்களுக்கும் உறவினருக்கும் தமக்குக் குரு கிடைத்துவிட்டார் என்று மடல் எழுதினார். புகழ் கெடுமே என்று அவர் தயங்கியதாகத் தெரியவில்லை.

அவ்வாண்டே உமையம்மை மீது ஆயிரம் பாக்களை இருபது நாள்களில் பாடி முடிப்பதாக உறுதிபூண்டு உமாசகஸ்ரம் தொடங்கினார். இறுதி நாளில் முந்நூறு பாக்கள் எஞ்சியிருந்தன. ரமணர் அருகே கண்மூடி அமர்ந்திருக்க, சாஸ்திரியார் சொல்லச் சொல்லப் பலர் எழுதினர். அன்றிரவே நூல் முடிந்தது. கண்விழித்த ரமணர், தாம் சொன்னவை அனைத்தும் எழுதப்பட்டனவா என்று வினவியதாக அடியார்கள் கூறுவர். முதல் எழுநூறு பாக்களைப் பலமுறை திருத்திய கவிஞர், கடைசி முந்நூற்றைத் தொடவேயில்லை.

ஆசானும் மாணவரிடம் பெற்றுக்கொண்டார். 1917இல், கணபதி முனிவரின் வேண்டுகோளால், முறையாக வடமொழி பயிலாத ரமணர் அம்மொழியில் அருணாசலத்தின்மீது பாடினார். ரமணரிடம் அன்பர்கள் கேட்ட ஐயங்களையும் விடைகளையும் பதினெட்டு அத்தியாயங்களாகப் பாடி, ரமண கீதை என்ற நூலாக்கினார் முனிவர். பெண்கள் துறவு பூணலாமா என்று அதில் வினவியவர் விசாலாட்சி அம்மையார். தடையில்லை என்பதே விடை. இத்தனைக்கும் ரமணர் தம்மை எவர்க்கும் குரு என்று கூறிக்கொண்டதில்லை; அவர்க்கும் மனித குரு இருந்ததில்லை.

1922இல் மலையின் மாமரக் குகையில் தவமிருந்தபோது, முனிவரின் உடலில் குண்டலினி ஆற்றல் தாங்கவொண்ணா வேகத்தில் எழுந்தது. கபாலம் பிளந்ததுபோன்ற அவ்வேதனையில் அவர் நாடிச்சென்றது தாம் கற்ற தந்திர நூல்களை அன்று. ரமணர் அவருடைய தலையைத் தடவி ஆற்றினார். தனிமையில் தியானம் பயில்வோர் அஞ்சும் இடம் இது. வழி தவறினால் திருப்பவும், வேகம் மிஞ்சினால் தணிக்கவும் ஒருவர் அருகே இருப்பதன் அருமை அப்போதுதான் தெரியும்.

ஆனால் ஆசான் எல்லாவற்றையும் செய்துவிட முடியாது. முனிவருக்கு நாட்டைப் பற்றிய கனவுகள் பல. மந்திர ஆற்றலால் பாரதம் எழ வேண்டும் என்று விரும்பினார். தீண்டாமைக்குச் சாத்திரத்தில் இடமில்லை என்று வாதாடினார். 1924ஆம் ஆண்டின் பெல்காம் காங்கிரசுக்கும் சென்றார். அவர் ஞானநிலை எய்தினாரா என்று பிற்காலத்தில் கேட்டவர்களிடம், அவருடைய சங்கற்பங்கள் மிக வலியவை, எப்படி எய்துவார் என்ற பொருள்பட ரமணர் கூறியதுண்டு. அன்பு மிகுந்த ஆசான் தம் தலைமாணாக்கரைப் பற்றி இவ்வளவு நேராகச் சொன்னது சிலருக்குக் கசக்கலாம். முகமன் கூறாமையும் அந்த உறவின் ஒரு கூறுதான் என்று கொள்வதே பொருத்தம்.

1936ஆம் ஆண்டு சூலை 25ஆம் நாள், கரக்பூருக்கு அருகில் நிம்புராவில் கணபதி முனிவர் மறைந்தார். தந்தி ரமணாசிரமத்துக்கு வந்தது. தம் தாயாரின் மறைவிலும் கலங்காதிருந்த மகரிஷி அதைப் படித்தார். அவரைப் போன்ற ஒருவரை இனி எங்கே காண்பது என்று கூறுகையில் அவர் குரல் தழுதழுத்தது.