மாட்டின் முதுகில் எழுதிப் படித்தவர்

தேநீருக்கென்று முதன்முதலில் ஒரு தனி நூல் எழுதியவர் யார் தெரியுமா? சீன நாட்டு அறிஞர் லூ யூ.

கி.பி. 733-ம் ஆண்டு வாக்கில் பிறந்தவர். பெற்றோர் யாரென்று தெரியாது. ஏரிக்கரையில் அனாதையாகக் கிடந்த குழந்தையை ஒரு புத்தத் துறவி எடுத்து மடத்தில் வளர்த்தார்.

பிள்ளை வளர்ந்ததும், துறவியாகும்படி குரு சொன்னார். சிறுவன் மறுத்துவிட்டான். கன்பூசியசின் நூல்களைப் படிக்கவே ஆசைப்பட்டான். வந்தது தண்டனை! கக்கூஸ் கழுவினான், மாடு மேய்த்தான். எழுதக் காகிதம் இல்லை. மூங்கில் குச்சியால் மாட்டின் முதுகில் எழுத்துப் பழகினான். எழுத்து நினைவில் வேலையை மறந்தால் அடி விழும்.

ஒருநாள் ஓடிப்போய் நாடகக் குழுவில் சேர்ந்தான். அவனுக்குத் திக்குவாய். ஆனாலும் கோமாளி வேடத்தில் எல்லோரையும் சிரிக்க வைத்தான்! அவன் அறிவைக் கண்ட ஓர் அதிகாரி புத்தகங்கள் கொடுத்து உதவினார். படிப்புக்கு வழி பிறந்தது.

755-ல் பெரும் கலகம் மூண்டது. லூ யூ தெற்கே போனார். அங்கே கவிஞர்கள் நண்பரானார்கள். தேயிலைத் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்து, 10 அத்தியாயங்களில் 'சா ஜிங்' என்ற நூலை எழுதினார். அந்நாளில் தேநீரில் வெங்காயமும் இஞ்சியும் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். அது கூடாது என்றார் அவர். மலை ஊற்று நீரே சிறந்தது என்றார்.

அரசு பதவி தேடி வந்தது, அவர் ஏற்கவில்லை. 804-ல் காலமானார்.

பின்னர் தேயிலை வியாபாரிகள் அவருக்குப் பொம்மை செய்து வைத்துக் கும்பிட்டார்கள். பெற்றோர் பெயர் தெரியாத பிள்ளை, தேநீருக்குத் தெய்வமானார்!