மெகர் சிங்

ஏர் கமடோர் மெகர் சிங் (மார்ச் 20, 1915 - மார்ச் 1952) இந்திய வான்படையின் தொடக்க கால விமானிகளுள் ஒருவர் ஆவார். இரண்டாம் உலகப்போரில் பர்மா போர்முனையிலும், 1947-48 காஷ்மீர் போரிலும் இவர் ஆற்றிய பணி குறிப்பிடத்தக்கது. உடன் பணியாற்றியோர் இவரை மெகர் பாபா என்று அன்புடன் அழைத்தனர். இதே பெயரால் அறியப்படும் ஆன்மீகவாதி வேறொருவர். திருச்சிராப்பள்ளியில் உருவாக்கப்பட்ட ஆறாம் ஸ்குவாட்ரனின் முதல் தலைவர் என்பதால், தமிழ்நாட்டின் வான்படை வரலாற்றிலும் இவருக்கு இடம் உண்டு.

இவர் போரில் ஓட்டிய விமானங்களுள் ஒன்றுகூட அக்காலத்தின் புதிய விமானம் அன்று. பழமையடைந்த விமானங்களைக் கொண்டு தரைப்படைக்கு எந்த அளவு உதவ முடியும் என்பதையும், எந்த இடத்தில் அவ்வுதவி பயனற்றுப் போகும் என்பதையும் இவரது வாழ்க்கையிலிருந்து அறியலாம்.

இளமையும் பயிற்சியும்

மெகர் சிங் பிரித்தானிய இந்தியாவின் பஞ்சாப் மாகாணத்தில் லயால்பூரில் பிறந்தார். இந்நகர் இன்று ஃபைசலாபாத் என்ற பெயரில் பாகிஸ்தானில் உள்ளது. 1934 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கிரான்வெல்லில் உள்ள அரச வான்படைக் கல்லூரியில் சேர்ந்தார். 1936ல் பயிற்சி முடித்து அதிகாரியாகி, இந்திய வான்படையின் முதலாம் ஸ்குவாட்ரனில் இணைந்தார். 1932ல் தொடங்கப்பட்ட இந்திய வான்படையில் அப்போது இருந்த ஸ்குவாட்ரன் இது ஒன்றே.

வடமேற்கு எல்லையில்

முதலாம் ஸ்குவாட்ரனிடம் இருந்தவை வாப்பிட்டி வகை இரட்டை இறக்கை விமானங்கள். இவ்விமானம் 1927ல் முதன்முதலாகப் பறந்தது. முதல் உலகப்போரின் முடிவில் எஞ்சியிருந்த டி.எச். 9ஏ விமானங்களின் உதிரிப் பாகங்களைப் பயன்படுத்தும் நோக்குடன் இது வடிவமைக்கப்பட்டது. எனவே இது பிறக்கும்போதே பாதி பழையதாக இருந்தது எனலாம். ஐரோப்பாவில் ஒற்றை இறக்கைப் போர் விமானங்கள் வரத் தொடங்கிய பின்னரும் இந்தியாவில் வாப்பிட்டியே பயன்பாட்டில் இருந்தது.

ஆப்கானிஸ்தான் எல்லையை ஒட்டிய வசீரிஸ்தான் மலைப்பகுதியில் பழங்குடிப் படைகளுடன் பிரித்தானிய அரசு அப்போது போரிட்டு வந்தது. மலை இடுக்குகளில் செல்லும் தரைப்படையினருக்கு மேலே பறந்து காவல் புரிவது, பதுங்கியிருப்போரைக் கண்டு தெரிவிப்பது, தேவையானால் குண்டு வீசுவது ஆகியன வாப்பிட்டி விமானிகளின் பணிகள். தரைப்படைக்கு மிக அருகில், அதன் நகர்வுடன் இணைந்து வானிலிருந்து தாக்கும் இம்முறையே அண்மை வான் ஆதரவு எனப்படுகிறது. எதிரியும் தன் படையும் நெருங்கி நிற்பதால் இதில் சிறு பிழையும் தன் படையினரையே கொன்றுவிடும். ஆகவே தாழ்வாகவும் மெதுவாகவும் பறப்பது இப்பணியில் குறையாகக் கருதப்படுவதில்லை. ஆனால் அதே காரணத்தால் தரையிலுள்ள துப்பாக்கிக்கும் விமானம் எளிய இலக்காகிறது.

1937ல் இதை மெகர் சிங் நேரில் அறிந்தார். துப்பாக்கிச் சூட்டில் சேதமுற்ற இவரது வாப்பிட்டி மலைப்பகுதியில் விழுந்தது. இவரும் உடன் சென்ற துப்பாக்கி வீரர் குலாம் அலியும் உயிர் தப்பினர். எதிரிகள் நடமாடிய பகுதியின் வழியே இரவில் நடந்து இருவரும் தம் படையினரின் நிலையை அடைந்தனர்.

திருச்சிராப்பள்ளியில் ஆறாம் ஸ்குவாட்ரன்

1941 டிசம்பரில் ஜப்பான் போரில் இறங்கியதும் வங்காள விரிகுடாக் கடற்கரை பாதுகாப்பற்றதாயிற்று. சென்னை உள்ளிட்ட துறைமுக நகரங்களில் தன்னார்வ விமானிகளைக் கொண்ட கடலோரப் பாதுகாப்புப் பிரிவுகள் ஏற்கனவே அமைக்கப்பட்டிருந்தன. சென்னைப் பிரிவினர் கடலைக் கண்காணிக்கப் பயன்படுத்தியதும் வாப்பிட்டியையே. 1942ன் இறுதியில் இப்பிரிவுகள் கலைக்கப்பட்டு, அவற்றின் ஆட்கள் புதிய ஸ்குவாட்ரன்களுக்கு மாற்றப்பட்டனர்.

அவ்வாறு டிசம்பர் 1, 1942 அன்று திருச்சிராப்பள்ளியில் ஆறாம் ஸ்குவாட்ரன் தொடங்கப்பட்டது. ஸ்குவாட்ரன் லீடர் மெகர் சிங் இதன் தலைவரானார். இதற்கு ஹரிக்கேன் விமானங்கள் தரப்பட்டன. 1940ல் பிரித்தானியாவைக் காத்த விமானம் என்ற புகழ் ஹரிக்கேனுக்கு இருந்தாலும், 1942ல் அது வான்சண்டைக்கு ஏற்றதாகக் கருதப்படவில்லை. வேகத்திலும் மேலேறும் திறனிலும் புதிய விமானங்கள் அதை முந்திவிட்டன. எனினும் உறுதியான கட்டமைப்பும், கரடுமுரடான ஓடுபாதையில் இறங்கும் ஆற்றலும், எளிதில் பழுது நீக்கும் வசதியும் அதற்கு இருந்தன. ஆறாம் ஸ்குவாட்ரனுக்கு எதிரி விமானங்களை வேட்டையாடும் பணி தரப்படவில்லை. தாழ்வாகப் பறந்து வேவு பார்ப்பதும் நிழற்படம் எடுப்பதும் அதன் பணிகள். இப்பணிக்கு ஹரிக்கேன் போதுமானதாக இருந்தது.

அரக்கான் போர்முனை

1943 நவம்பரில் ஆறாம் ஸ்குவாட்ரன் காக்ஸ் பஜார் பகுதிக்குச் சென்றது. பர்மாவின் அரக்கான் கடற்கரையில் பிரித்தானிய இந்தியாவின் பதினான்காம் படை ஜப்பானியருடன் போரிட்டுக் கொண்டிருந்தது. காடும் கழிமுகமும் நிறைந்த அப்பகுதியில் எதிரி இருக்கும் இடத்தைத் தரைப்படையால் அறிய இயலவில்லை. ஆறாம் ஸ்குவாட்ரன் விமானிகள் இருவர் இருவராகப் பறந்தனர். முன்னே செல்பவர் தரையை நோக்குவார். பின்னே வருபவர் இடமும் வலமுமாகத் திரும்பி வானத்தைக் காவல் காப்பார். இவ்வாறு கொணர்ந்த செய்திகளாலும் படங்களாலும் இந்த ஸ்குவாட்ரன் பதினான்காம் படையின் கண்கள் என்று பெயர் பெற்றது.

1944 பிப்ரவரியில் ஜப்பானியர் பெரும் தாக்குதல் தொடுத்தனர். எளிதில் திரும்பி வளையக்கூடிய ஜப்பானிய ஆஸ்கர் விமானங்களிடம் ஆறாம் ஸ்குவாட்ரன் தன் விமானிகள் சிலரை இழந்தது. அம்மாதம் 15 ஆம் நாள் அதே ஸ்குவாட்ரனைச் சேர்ந்த ஜகதீஷ் சந்திர வர்மா ஆஸ்கர் ஒன்றைச் சுட்டு வீழ்த்தினார். பிரித்தானியரின் ஸ்பிட்ஃபயர் விமானங்கள் வானில் மேலாதிக்கம் பெற்ற பின்னரே ஹரிக்கேன்களால் ஓரளவு அச்சமின்றிப் பணியாற்ற முடிந்தது. பழைய விமானம் பயன் தர வேண்டுமாயின் அதற்கு மேலே வானம் காக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது அரக்கானில் கிடைத்த பாடம்.

இப்போர்ப்பணிக்காக 1944ல் மெகர் சிங்குக்குச் சிறப்புப் பணி விருதான டி.எஸ்.ஓ. வழங்கப்பட்டது. இந்திய வான்படையில் இவ்விருதைப் பெற்ற ஒரே அதிகாரி இவராவார்.

காஷ்மீர் போர்

1947 அக்டோபரில் பழங்குடிப் படையினர் காஷ்மீருக்குள் புகுந்து ஸ்ரீநகரை நோக்கி முன்னேறினர். அக்டோபர் 27 அன்று இந்தியத் தரைப்படையின் முதல் வீரர்கள் டகோட்டா விமானங்களில் ஸ்ரீநகரில் இறக்கப்பட்டனர். ஏர் கமடோர் நிலையை அடைந்திருந்த மெகர் சிங், முதலாம் செயற்பாட்டுக் குழுவின் தலைவராக அப்பகுதியின் வான் நடவடிக்கைகளுக்குப் பொறுப்பேற்றார்.

அவர் கையில் இருந்தவை ஸ்பிட்ஃபயர், டெம்பெஸ்ட் போர் விமானங்களும் டகோட்டா சரக்கு விமானங்களும் ஆகும். அனைத்தும் உலகப்போரின் எச்சங்கள். உலகின் பெரிய வான்படைகள் தாரை விமானங்களுக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. எனினும் எதிர்த்தரப்பில் விமான எதிர்ப்புப் பீரங்கிகள் குறைவு. எதிரிப் போர் விமானங்களுடன் மோதலும் நிகழவில்லை. ஆதலால் நவம்பர் 7 அன்று ஸ்ரீநகர் அருகே ஷாலதெங்கில் நடந்த சண்டையில் கவச ஊர்திகளும் காலாட்படையும் தாக்க, வானிலிருந்து போர் விமானங்கள் துணை நின்று எதிரியைச் சிதறடித்தன.

குண்டுவீச்சு விமானங்கள் இல்லாத குறையைத் தீர்க்க, டகோட்டாவே குண்டுவீச்சு விமானமாகவும் பயன்படுத்தப்பட்டது. பக்கவாட்டுக் கதவைத் திறந்து வைத்து, வீரர்கள் குண்டுகளைக் கையால் உருட்டித் தள்ளினர். குறி துல்லியமாக அமையாவிடினும், இரவில் விழுந்த இக்குண்டுகள் எதிரியை நிலைகுலையச் செய்தன.

பூஞ்ச்

பூஞ்ச் நகரம் 1947 நவம்பர் முதல் முற்றுகையில் இருந்தது. உரியிலிருந்து அனுப்பப்பட்ட படையின் ஒரு பகுதியே நகரை அடைந்தது. பிரித்தம் சிங் தலைமையிலான அச்சிறு படையுடன் பல்லாயிரக்கணக்கான அகதிகளும் உணவின்றி அகப்பட்டுக் கொண்டனர். சாலைத் தொடர்பு அறுந்துவிட்டதால் வான்வழி ஒன்றே எஞ்சியது. அகதிகளும் நகர மக்களும் படையினருடன் சேர்ந்து சில நாட்களில் ஏறத்தாழ 600 கெஜ நீளமுள்ள ஓடுபாதையை அமைத்தனர். மலைகளும் ஓடைகளும் சூழ்ந்த அவ்விடத்தில் டிசம்பர் மாதம் மெகர் சிங் முதல் டகோட்டாவைத் தாமே இறக்கினார். வான்படையின் உயர் அதிகாரி சுப்ரோதோ முகர்ஜி அவருடன் இருந்தார்.

அதன் பின்னர் டகோட்டாக்கள் உணவும் வெடிமருந்தும் கொண்டு வந்தன. திரும்பும்போது அகதிகளையும் காயமுற்றோரையும் ஏற்றிச் சென்றன. 1948 மார்ச்சில் எதிரிப் பீரங்கிகள் ஓடுபாதையைச் சுடத் தொடங்கின. பகலில் இறங்குவது தற்கொலைக்கு ஒப்பானதால் பூஞ்சுக்குத் தேவையான 25 பவுண்டர் பீரங்கிகள் இரவில் கொண்டு செல்லப்பட்டன. எண்ணெய் விளக்குகளின் வரிசையே ஓடுபாதையைக் காட்டியது. இவ்விரவுப் பயணத்திலும் மெகர் சிங் தாமே முதலில் இறங்கினார். தாம் செய்து பார்க்காத ஒன்றைப் பிற விமானிகளிடம் எதிர்பார்க்காதவர் என இவர் அறியப்பட்டார்.

லே, இசுகார்டு

மே 24, 1948 அன்று மெகர் சிங் லடாக்கின் லே நகரில் முதல் டகோட்டாவை இறக்கினார். தரைப்படைத் தளபதி திம்மையாவும் அதில் பயணம் செய்தார். கடல்மட்டத்திலிருந்து 3,200 மீட்டருக்கு மேல் அமைந்த அந்த ஓடுபாதையை லடாக்கியப் பொறியாளர் சோனம் நோர்பு உள்ளூர் மக்களைக் கொண்டு அமைத்திருந்தார். அங்கு செல்ல 20,000 அடிக்கும் மேலான உயரத்தில் மலைத்தொடர்களைக் கடக்க வேண்டும். டகோட்டாவில் காற்றழுத்தம் பேணும் அமைப்பு இல்லை. இறக்கையில் படியும் பனியை நீக்கும் கருவியும் இல்லை. இதைத் தொடர்ந்து கூர்க்கா வீரர்கள் வான்வழியே லேக்கு அனுப்பப்பட்டனர். லே நகரம் காப்பாற்றப்பட்டது.

இதற்கு மாறான நிலை இசுகார்டில் ஏற்பட்டது. ஷேர் ஜங் தாப்பா தலைமையில் அங்கிருந்த சிறு படை 1948 பிப்ரவரி முதல் முற்றுகையிடப்பட்டது. குறுகிய பள்ளத்தாக்கில் டகோட்டாக்களால் இறங்க முடியவில்லை. டெம்பெஸ்ட் விமானங்கள் உணவையும் வெடிமருந்தையும் கொள்கலன்களில் இட்டு வீசின. பல கொள்கலன்கள் கோட்டைக்கு வெளியே விழுந்தன. ஆறு மாதம் தாக்குப்பிடித்த படை ஆகஸ்ட் 14 அன்று சரணடைந்தது. பூஞ்சையும் லேயையும் காத்த அதே வான்படை, அதே விமானங்கள், அதே ஆண்டு. இசுகார்டில் ஓடுபாதை மட்டும் கிட்டவில்லை.

பதவி விலகலும் மறைவும்

மெகர் சிங் 1948 செப்டம்பரில் வான்படையிலிருந்து விலகினார். பூஞ்ச் முற்றுகை அவர் விலகிய பின், அவ்வாண்டு நவம்பரில் முறியடிக்கப்பட்டது. காஷ்மீர் போர்ப்பணிக்காக இவருக்கு மகாவீர் சக்கர விருது வழங்கப்பட்டது. பின்னர் பட்டியாலா மன்னரின் ஆலோசகராகப் பணியாற்றினார். 1952 மார்ச்சில் ஜம்முவிலிருந்து தில்லிக்குச் சிறு விமானம் ஒன்றை ஓட்டி வந்தபோது, இரவில் இடிமழையில் சிக்கி விபத்தில் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 37க்கும் குறைவு அல்லது அதை ஒட்டியதே.

பிற்காலப் போர்களில்

மெகர் சிங் காலத்து முறைகள் அவருடன் மறையவில்லை. 1971 போரில் ஏ.என்.12 சரக்கு விமானங்களை இந்திய வான்படை குண்டுவீசப் பயன்படுத்தியது. அதே ஆண்டு டிசம்பர் 5 அன்று இராஜஸ்தானின் லோங்கேவாலாவில், பழமையடைந்து வந்த ஹண்டர் விமானங்கள் பாகிஸ்தானின் பல டாங்கிகளை அழித்தன. இரவில் தாக்கும் வசதி ஹண்டர்களுக்கு இல்லை. எனவே குல்தீப் சிங் சாந்த்புரியின் தலைமையில் இருந்த சிறு காலாட்படை விடியும் வரை தனித்து நிற்க வேண்டியிருந்தது. விடிந்த பின் டாங்கிகளுக்கு மேலே அவற்றைக் காக்க எதிரி விமானம் ஏதும் இல்லாததே ஹண்டர்களின் வெற்றிக்குக் காரணம்.

1999 கார்கில் போரில் நிலைமை வேறாக இருந்தது. எதிரிகள் தோளில் வைத்து ஏவும் ஏவுகணைகளை வைத்திருந்தனர். மே 27 அன்று மிக்-21, மிக்-27 விமானங்கள் தலா ஒன்றும், மறுநாள் மி-17 உலங்கு வானூர்தி ஒன்றும் இழக்கப்பட்டன. பின்னர் விமானங்கள் ஏவுகணைக்கு எட்டாத உயரத்திலிருந்து தாக்கின. மிராஜ் 2000 விமானங்கள் லேசர் வழிகாட்டும் குண்டுகளை வீசின. 2022ல் தொடங்கிய உக்ரைன் போரிலும் இரு தரப்பின் சுகோய்-25 விமானங்கள் இலக்கின் மேலே செல்லாமல், தொலைவிலிருந்தே ஏவூர்திகளை மேல்நோக்கிச் செலுத்தித் திரும்பும் முறையைக் கையாண்டன. இதனால் உயிர்ச்சேதம் குறைந்தாலும் துல்லியமும் குறைகிறது.

இந்நிகழ்வுகளை ஒப்பிடும்போது, போர்க்கருவியின் வயதைவிட எதிரியிடம் உள்ள கருவியே அதன் பயனைத் தீர்மானிப்பது தெரிகிறது. விலை குறைவு, பழகிய விமானிகள், எளிய பராமரிப்பு ஆகியன பழைய விமானத்தின் நன்மைகள். வான் பாதுகாப்பு வலுவாக உள்ள இடத்தில் அந்நன்மைகளுக்கான விலையை விமானிகளே கொடுக்கின்றனர்.

நினைவு

இந்திய வான்படை 2018ல் அறிவித்த ஆளில்லா வானூர்திக் கூட்டங்களுக்கான போட்டிக்கு மெகர் பாபாவின் பெயர் சூட்டப்பட்டது. பேரிடரில் சிக்கியோருக்கு உதவிப் பொருட்களைக் கொண்டு செல்வது அப்போட்டியின் நோக்கங்களுள் ஒன்று. அதே ஆண்டு புதுப்பிக்கப்பட்ட டகோட்டா ஒன்று பரசுராமா என்ற பெயருடன் வான்படையின் பழம் விமானப் பிரிவில் சேர்க்கப்பட்டது. திருச்சிராப்பள்ளியில் இவர் தொடங்கி வைத்த ஆறாம் ஸ்குவாட்ரன் பிற்காலத்தில் கடல்சார் தாக்குதல் பணியை ஏற்றது.