வத்திராயிருப்பு தந்த ஒளி ஆய்வாளர்



நம்ம கோவில்பட்டிக் கரிசலிலிருந்து சாத்தூர், திருவில்லிபுத்தூர் தாண்டி மலையடிவாரம் போனால் வத்திராயிருப்பு. கே.எஸ். கிருஷ்ணன் 1898-இல் பிறந்த ஊர். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் வேதியியல் செய்முறை விளக்குநராக இருந்தபோது, மதிய இடைவேளையில் மாணவர்கள் கேட்டதற்கெல்லாம் விளக்கம் சொல்வாராம். பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளும் வந்து உட்காருவார்களாம்.

1920-இல் கல்கத்தா போய் சி.வி. ராமனிடம் சேர்ந்தார். 1928-இல் தூய்மையான திரவங்களுக்குள் சூரிய ஒளியைச் செலுத்தி, சிதறிய ஒளியில் நிறம் மாறுவதைக் கண்ணாலேயே பார்த்தார். அறிவிப்புக் கட்டுரையில் இருவர் பெயரும் உண்டு. ஆனால் விளைவுக்கு ராமன் பெயர். 1930 நோபல் பரிசும் ராமனுக்கு மட்டும். கிருஷ்ணன் வேலையை விடவில்லை. டாக்கா சென்று படிகங்களின் காந்தப் பண்பை ஆராய்ந்தார். 1940-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர். பிறகு தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். 1961-இல் மறைந்தார்.

வேதியியல் படித்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். இரண்டு வேறு உலோகங்கள் சேர்ந்த கரிம உலோகச் சேர்மத்தில், அந்த இரண்டும் நேரடியாகப் பிணைந்திருக்கா என்று அறிய இன்றும் ராமன் நிறமாலை உதவுகிறது. அதை எடுக்கும்போது நம்ம பக்கத்து ஊர்க்காரரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.