விண்மீன் ஒளியைப் படித்தவர்

நுழையும்முன்

மைசூரு தேவராஜ மொஹல்லாவின் பழைய சந்தைக்குள் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் வழி தெரியும். மல்லிகைச் சரம் தொங்கும் வரிசை எது, வாழைத்தார் அடுக்கிய வரிசை எது, ஊதுவத்தி விற்கும் கடை எது என்பதை மணமே சொல்லிவிடும். பொருளைக் காணாமலும் தொடாமலும் அதன் இயல்பை மணத்தால் அறிகிறோம். அதுபோலவே, எவரும் சென்று தொட இயலாத விண்மீன் எந்தெந்தத் தனிமங்களால் ஆனது என்பதை அதன் ஒளியால் அறியலாம். அவ்வொளியைப் படிக்கும் கலையைக் கற்று, அதைப் படிப்பதற்கான இடத்தையும் கருவியையும் தமிழ்நாட்டு மலையொன்றில் அமைத்துத் தந்தவர் வைணு பாப்பு. அவருடைய வாழ்க்கையை இப்பாடத்தில் அறிந்துகொள்வோம்.

இளமைப் பருவம்

மனாலி கல்லட் வைணு பாப்பு 1927ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் நாள் சென்னையில் பிறந்தார். அவருடைய குடும்பத்தின் பூர்வீகம் கேரளத்தின் தலச்சேரி. தந்தையார் ஐதராபாத்தில் இருந்த நிசாமியா வானாய்வகத்தில் பணியாற்றினார். ஆகவே, பிறந்தது ஓர் ஊர், பூர்வீகம் ஓர் ஊர், வளர்ந்தது மற்றோர் ஊர் என்று அமைந்தது வைணுவின் இளமை. எந்த ஊருக்குச் சென்றாலும் தலைக்கு மேல் உள்ள வானம் மட்டும் அவருக்குப் பழகிய ஒன்றாகவே இருந்தது.

தந்தையாரின் ஆய்வகமே அச்சிறுவனுக்கு முதற் பள்ளியாயிற்று. ஒளி கூடியும் குறைந்தும் மாறுகின்ற விண்மீன்களை அவர் இரவுதோறும் உற்று நோக்கினார். கல்லூரி மாணவராக இருந்தபோதே தம் நோக்கல்களைக் கட்டுரைகளாக வெளியிட்டார். பின்னர் ஐதராபாத் அரசின் உதவித்தொகை பெற்று, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற்கு மேற்படிப்புக்காகச் சென்றார்.

ஒளி சொல்லும் செய்தி

சூரிய ஒளியை முப்பட்டகக் கண்ணாடியின் வழியே செலுத்தினால், ஊதா முதல் சிவப்பு வரை நிறங்கள் விரிகின்றன. இதனை நிறமாலை என்பர். அந்நிறமாலையைப் பெரிதாக்கிப் பார்த்தால், நிறங்களுக்கிடையே மெல்லிய கருங்கோடுகள் பல தென்படும். விண்மீனின் மேற்புற வாயுவில் உள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய நிறங்களை மட்டும் உறிஞ்சிக்கொள்வதால் இக்கோடுகள் உண்டாகின்றன. சோடியத்துக்கு மஞ்சளில் இரு கோடுகள். கால்சியத்துக்கு ஊதாவில் இரு கோடுகள். இரும்புக்கோ நூற்றுக்கணக்கான கோடுகள். ஒருவர் எழுத்தைக் கண்டு எழுதியவரை அடையாளம் காண்பதுபோல், கோடுகளைக் கண்டு தனிமத்தை அடையாளம் காணலாம்.

கோடு இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. தனிமம் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதே அரிது. ஒரே அளவு இரும்பு இருந்தாலும் வெப்பம் மாறினால் கோட்டின் வலிமை மாறிவிடும். இச்சிக்கலைத் தீர்க்கும் சமன்பாட்டை 1920ஆம் ஆண்டில் தந்தவர் நம் நாட்டு அறிவியலர் மேகநாத் சாஹா. அதன் துணைகொண்டு, விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனால் ஆனவை என்று 1925இல் காட்டினார் சிசிலியா பெய்ன் என்னும் பெண்மணி. அவரும் ஹார்வர்டில் பணியாற்றியவரே.

பேரண்டத்தின் தொடக்கத்தில் ஹைட்ரஜனும் ஹீலியமும் சிறிதளவு லித்தியமுமே தோன்றின. நம் குருதியில் உள்ள இரும்பும் எலும்பில் உள்ள கால்சியமும் பின்னர் விண்மீன்களின் உள்ளேயும் அவை வெடித்துச் சிதறியபோதும் உருவானவை. அவை வாயுக்களோடு கலந்து, அடுத்த தலைமுறை விண்மீன்களை வளப்படுத்தின. ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்கள் யாவற்றையும் வானியலார் உலோகம் என்றே வழங்குவர். ஆதலால், மிகப் பழைய விண்மீன்களில் உலோகம் மிகக் குறைவாக இருக்கும். சிலவற்றில் இரும்பின் அளவு சூரியனில் உள்ளதில் நூறில் ஒரு பங்கு. இன்னும் சிலவற்றில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 1951ஆம் ஆண்டில் சேம்பர்லின், ஆலர் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் இத்தகைய இரு விண்மீன்களை அளந்து, அவற்றில் உலோகம் குறைந்திருப்பதை அறிவித்தனர். விண்மீன்கள் யாவும் ஒரே கலவையால் ஆனவை என்ற பழைய எண்ணம் அப்போது ஆட்டம் கண்டது. வைணு பாப்பு அமெரிக்காவில் ஆய்வு மாணவராக இருந்த காலம் அது.

வால்மீனும் கால்சியக் கோடும்

ஹார்வர்டுக்குச் சென்ற 1949ஆம் ஆண்டிலேயே, ஒளிப்படத் தகடு ஒன்றில் அதுவரை எவரும் அறியாத வால்மீன் ஒன்றை வைணு கண்டுபிடித்தார். உடன் ஆராய்ந்த இருவரின் பெயர்களோடு அது பாப்பு-போக்-நியூகிர்க் வால்மீன் எனப் பெயர் பெற்றது. 1952இல் அவர் முனைவர் பட்டம் பெற்றார். பிறகு கலிபோர்னியாவின் பாலோமர் மலைக்குச் சென்றார். 5 மீட்டர் விட்டமுடைய ஆடியைக் கொண்ட, அந்நாளில் உலகிலேயே மிகப் பெரிய தொலைநோக்கி அங்கே இருந்தது.

அங்கு ஓலின் வில்சன் என்பவருடன் இணைந்து அவர் ஓர் அரிய உண்மையைக் கண்டார். குளிர்ந்த விண்மீன்களின் கால்சியக் கருங்கோட்டின் நடுவே ஒளிமிக்க மெல்லிய கோடு ஒன்று உண்டு. அவ்வொளிக்கோட்டின் அகலம் கூடக்கூட, விண்மீனின் உண்மையான பொலிவும் கூடுகிறது. 185 விண்மீன்களைக் கொண்டு நிறுவப்பட்ட இவ்வுண்மை 1957இல் வெளியாயிற்று. இன்றும் அது வில்சன்-பாப்பு விளைவு என்றே பாடநூல்களில் வழங்குகிறது.

இதன் பயன் என்ன? இரவில் சாமுண்டி மலையில் தெரியும் விளக்கு அருகிலுள்ள சிறுவிளக்கா, தொலைவிலுள்ள பெருவிளக்கா என்பதைக் கண்ணால் மட்டும் சொல்ல முடியாது. விளக்கின் உண்மையான ஆற்றல் தெரிந்தால் தொலைவைக் கணக்கிட்டுவிடலாம். அவ்வாறே விண்மீனின் உண்மையான பொலிவு தெரிந்தால் அதன் தொலைவு தெரியும். அது பருத்த விண்மீனா, சிறிய விண்மீனா என்பதும் புலப்படும். இதனை அறிந்தாலன்றி, அதிலுள்ள தனிமங்களின் அளவைச் சரியாகக் கணிக்க இயலாது.

தாயகம் திரும்புதல்

உலகின் மிகப் பெரிய தொலைநோக்கியின் அருகில் இருந்தவர் அங்கேயே தங்கியிருக்கலாம். ஆனால் வைணு 1953இல் இந்தியா திரும்பினார். மங்கலான விண்மீன்களின் நிறமாலையைப் படிக்கத்தக்க பெரிய தொலைநோக்கி எதுவும் அப்போது நம் நாட்டில் இல்லை. கற்ற கல்விக்கு உரிய கருவி இல்லாத நாட்டுக்குத் திரும்புகிறோம் என்பதை அவர் அறிந்தே இருந்தார். இல்லாததை உண்டாக்குவதே தம் கடமை என்று கருதினார்.

உத்தரப்பிரதேச அரசின் வானாய்வகத்துக்குத் தலைமையேற்று, அதனை வாரணாசியிலிருந்து இமயத்தின் அடிவாரமான நைனித்தாலுக்குக் கொண்டு சென்றார். 1960இல் கோடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானார்.  1792இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் நிறுவப்பட்ட பழைய வானாய்வகத்தின் வழிவந்தது கோடைக்கானல் ஆய்வகம். சூரியனை ஆராய்வதில் அது உலகப் புகழ் பெற்றது. ஆயினும் மேகமும் பனிமூட்டமும் அடிக்கடி சூழும் அம்மலை, இரவு வானத்தை ஆராய ஏற்றதாக இல்லை.

காவலூர்

ஆகவே, தென்னாட்டில் தகுந்த இடம் தேடும் பணி தொடங்கியது. வானம் தெளிவாக இருக்கவேண்டும். நகர விளக்குகளின் ஒளி எட்டாததாக இருக்கவேண்டும். தென்வான விண்மீன்களும் நன்கு தெரியவேண்டும். நைனித்தாலில் அகத்திய விண்மீன் அடிவானத்தை ஒட்டியே செல்லும். தமிழ்நாட்டிலோ அது நன்கு மேலெழும். இறுதியில் சவ்வாது மலையில், சந்தன மரங்கள் நிறைந்த காட்டினிடையே, கடல்மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் உள்ள காவலூர் தேர்ந்தெடுக்கப்பட்டது. அவ்வூர் இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ளது.

1968இல் அங்கு முதலில் நிறுவப்பட்டது 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியே. கோடைக்கானல் ஆய்வகத்திலேயே உருவாக்கப்பட்ட எளிய கருவி அது. 1972இல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. அவ்வாண்டிலேயே, வியாழனின் துணைக்கோளான கனிமீட் ஒரு விண்மீனை மறைத்தபோது, அத்துணைக்கோளுக்கு மெல்லிய வளிமண்டலம் இருப்பதற்கான அடையாளம் காவலூரில் பதிவாயிற்று. 1977இல் யுரேனசைச் சுற்றி வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்த அந்நாளிலும் காவலூரின் பதிவுகள் துணைநின்றன. இதற்கிடையே 1971இல் இந்திய வானியற்பியல் நிறுவனம் தன்னாட்சி பெற்றது. வைணு பாப்பு அதன் இயக்குநராகி, பெங்களூரில் அதனை வளர்த்தார்.

பெரிய கண்ணாடி

தொலைநோக்கியின் ஆடி மழைநீர் பிடிக்கும் அண்டாவைப் போன்றது. அண்டாவின் வாய் அகன்றால் மிகுதியான நீர் சேரும். ஆடி அகன்றால் மிகுதியான ஒளி சேரும். பழைய விண்மீன்கள் பல வெகு தொலைவில் மங்கலாக உள்ளன. அவற்றின் சிறிதளவு ஒளியையும் நிறமாலையாக விரித்தால், அது இன்னும் மங்கிவிடும். உலோகம் குறைந்த விண்மீனிலோ கோடுகளும் மிக மெல்லியவை. ஆதலால் பெரிய ஆடி வேண்டும்.

2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியை இந்நாட்டிலேயே உருவாக்க வைணு திட்டமிட்டார். 1 மீட்டர் தொலைநோக்கியைவிட அது ஐந்து மடங்குக்கு மேல் ஒளி திரட்டும். வெளிநாட்டிலிருந்து முழுக் கருவியாகவே வாங்கிவிடலாம். ஆனால் கருவியை வாங்கினால் கருவி மட்டுமே கிடைக்கும். நாமே செய்தால் செய்யும் திறனும் நம்மிடம் தங்கும் என்று அவர் எண்ணினார். பெங்களூரில் அவருடைய நிறுவனத்தின் பட்டறையில் அவ்வாடி ஆண்டுக்கணக்கில் பொறுமையாகத் தேய்த்து மெருகேற்றப்பட்டது.

நிறைவும் நினைவும்

1979இல் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் தலைவராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் அவரே. 1981இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1982 ஆகஸ்டில் கிரேக்க நாட்டின் பட்ராஸ் நகரில் ஒன்றியத்தின் மாநாடு கூடியது. ஆனால் அதற்குத் தலைமை ஏற்கவேண்டியவர் ஜெர்மனியின் மியூனிக் நகர மருத்துவமனையில் இருந்தார். இதய அறுவைச் சிகிச்சைக்குப்பின், மாநாடு நடந்துகொண்டிருந்தபோதே, ஆகஸ்ட் 19ஆம் நாள் அவர் காலமானார். அகவை ஐம்பத்தைந்து. பெரிய தொலைநோக்கி அன்று முடிவடைந்திருக்கவில்லை.

அவருடன் பணியாற்றியோர் அப்பணியைக் கைவிடவில்லை. 1986 சனவரி 6ஆம் நாள் பிரதமர் ராஜீவ் காந்தி அத்தொலைநோக்கிக்கும் காவலூர் ஆய்வகத்துக்கும் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். அன்று அது இந்தியாவிலேயே மிகப் பெரிய தொலைநோக்கியாகத் திகழ்ந்தது. பின்னாளில் அதனோடு நுண்ணிய நிறமாலைமானி ஒன்று இணைக்கப்பட்டது. விண்மீனின் ஒளி கண்ணாடியிழை வழியே அதனைச் சென்றடைகிறது. உலோகம் குறைந்த பழைய விண்மீன்களின் இரும்பையும் கால்சியத்தையும் அதன் உதவியால் ஆய்வாளர்கள் அளக்கின்றனர். தாம் காணாத கருவியின் வழியே அவர் இன்றும் மாணவர்களுக்கு ஒளியைப் படிக்கக் கற்பிக்கிறார் எனலாம்.

காவலூரும் மைசூரும் புவியில் ஏறத்தாழ ஒரே அகலாங்கில் உள்ளன. ஆகவே காவலூரின் வானில் உலாவரும் விண்மீன்களே, சற்று நேரம் கழித்து, தேவராஜ மொஹல்லாவின் மொட்டைமாடிகளுக்கு மேலும் உலாவருகின்றன. பிறந்த ஊரை விட்டு எங்குச் சென்று வாழ்ந்தாலும் வானம் உடன் வருகிறது. அதனை நிமிர்ந்து பார்க்கும் பழக்கம் மட்டும் நம்முடையதாக வேண்டும்.

சொல்லும் பொருளும்

பூர்வீகம் – முன்னோர் வாழ்ந்த இடம்
நிறமாலை – ஒளி பிரிந்து தோன்றும் நிறங்களின் வரிசை
ஆடி – கண்ணாடி
பொலிவு – ஒளியின் மிகுதி
அகவை – வயது

பயிற்சி

1. விண்மீனைத் தொடாமலே அதிலுள்ள தனிமங்களை எவ்வாறு அறிகின்றனர்?
2. பழைய விண்மீன்களில் உலோகம் குறைவாக இருப்பதற்குக் காரணம் யாது?
3. இரவு வானத்தை ஆராயக் காவலூர் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது?
4. பெரிய தொலைநோக்கியை விலைக்கு வாங்காமல் உருவாக்க வைணு பாப்பு முடிவு செய்தது சரியா? உம் கருத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.
5. பிரித்து எழுதுக: ஒளிக்கோடு, கருங்கோடு, அவ்வாண்டு.
6. உம் குடும்பத்தின் பூர்வீகம் எது, நீர் பிறந்த ஊர் எது, வளரும் ஊர் எது என்பதைப் பெரியோரிடம் கேட்டு ஒரு பத்தி எழுதுக.